பறிபோன பி.டி. பீரியடு

ஜூலை 7, திங்கள்

இன்று ஸ்டாஃப் மீட்டிங்கில் என் வாய் என்னை மாட்டிவிட்டது. இருபது வருஷத்துக்கு மேலாக விசில் ஊதிப் பழகிய வாய். சும்மா இரு என்றால் அதற்குக் கோபம் வந்துவிடுகிறது.

விஷயம் இதுதான். மாவட்ட அளவில் அறிவியல் வினாடி வினா. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் ஓர் அணி. எங்கள் பூவாணிநல்லூர் அரசு மேல்நிலைப் பள்ளியிலிருந்து இதுவரை யாரும் போனது கிடையாது. இந்த வருஷம் கட்டாயம் போக வேண்டும் என்று சுற்றறிக்கை. யார் கூட்டிக்கொண்டு போவது? கெமிஸ்ட்ரி டீச்சர் மெர்லின் பிரசவ லீவில். மேத்ஸ் சாருக்கு பி.பி. பயாலஜி டீச்சருக்கு மகள் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை துபாய் என்கிறார், மறுநாள் மஸ்கட் என்கிறார், இன்று அபுதாபி என்றார். ஒரே மாப்பிள்ளைதான் என்று நம்புகிறேன்.

ஹெச்.எம். ஞானதிரவியம் சார் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"பெல்லை யார் முதல்ல அமுக்குதாங்கிற போட்டிதானே சார்? அது ஸ்போர்ட்ஸ்லா! என் டிபார்ட்மெண்டுல்லா!"

எல்லாரும் சிரித்தார்கள். ஹெச்.எம். சிரிக்கவில்லை. "ரொம்ப நல்லது. அப்ப நீங்களே கூட்டிட்டுப் போங்க செண்பகம் டீச்சர்."

மாட்டியாயிற்று. மாட்டிய பிறகு சும்மா போனால் நான் செண்பகம் இல்லை. எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியடு உண்டு. டைம்டேபிளில் உண்டு. ஜூன் மாதமே ஒன்றை ஹெச்.எம். சயின்ஸுக்கு எடுத்துக்கொண்டார், மற்றதை மேத்ஸ் சார் எடுத்துக்கொண்டார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மைதானத்தை ஜன்னல் வழியாகத்தான் பார்க்கின்றன, ஊருக்குப் போன சொந்தக்காரர் வீட்டைப் பார்ப்பது மாதிரி.

"ஒரு கண்டிஷன் சார். ஜெயிச்சுட்டு வந்தா பத்தாம் வகுப்பு பி.டி. பீரியடைத் திருப்பித் தரணும். வருஷம் பூரா."

"ஃபர்ஸ்ட் பிரைஸ் வரட்டும், பாப்போம்."

"பாப்போம்லாம் வேண்டாம் சார். தாரேன்னு சொல்லுங்க. இத்தனை பேர் சாட்சி இருக்காங்க."

"தாரேன் டீச்சர். ஃபர்ஸ்ட் பிரைஸ் வந்தா தாரேன்."

நிலாவை என் பேருக்கு எழுதிக் கொடுப்பவர் மாதிரி தாராளமாகச் சிரித்தார். எவ்வளவு நம்பிக்கை மனிதருக்கு, நாங்கள் தோற்போம் என்று!

ஜூலை 8, செவ்வாய்

அணி தேர்வு. பத்தாம் வகுப்புக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து இசக்கிராணி எழுந்தாள். போன வருஷம் வட்டாரப் போட்டியில் கோ-கோவில் எதிரணியை ஓட ஓட விரட்டிய பிள்ளை. பத்தாம் வகுப்பு வந்ததும் "இனி விளையாட்டு கிடையாது" என்று நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் முகம், சார்ஜ் போடாத செல்போன் மாதிரி இருக்கிறது.

"டீச்சர், ஜெயிச்சா எங்களை கிரவுண்டுல விடுவாகளா?"

"விடுவாக."

"அப்ப நான் வாரேன்."

"சயின்ஸ் தெரியுமாட்டி ஒனக்கு?"

"விடுவாகன்னா தெரிஞ்சுக்கிடுதேன்."

இரண்டாவது ஆள் வாஹித். சயின்ஸில் இவனை விட்டால் ஆளில்லை. ஆனால் இவனிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு நாம் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

"வாஹித், நீ வாரியாலே?"

மின்விசிறி சுற்றியது. வெளியே ஒரு லாரி போயிற்று.

"வாரேன் டீச்சர்."

இவன் பஸ்ஸரை அமுக்குவதற்குள் காலாண்டுப் பரீட்சை வந்துவிடும்.

ஜூலை 10, வியாழன்

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சும்மா ஒரு பார்வை பார்க்கத்தான். இட்லிச் சட்டியில் தண்ணீர் வற்றிப் போய்க் கருகிய வாசம் வந்த பிறகுதான் நான் கண் பகுதியில் இருக்கிறேன் என்று தெரிந்தது. கிட்டப்பார்வைக்குக் குழிலென்ஸ், தூரப்பார்வைக்குக் குவிலென்ஸ்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன செண்பகம், பத்தாப்பு திரும்ப எழுதப் போறியா?"

"முன்ன எழுதுனதே போதும்."

"இட்லி?"

"உப்புமா."

ஒன்று சொல்ல வேண்டும். வெப்பம் பாடத்தில் உதாரணம் ரொம்பக் குறைவு. நான் எழுதியிருந்தால் இட்லிச் சட்டியைச் சேர்த்திருப்பேன்.

ஜூலை 14, திங்கள்

வீட்டுக்காரர் வைத்திருப்பது மைக்செட் கடை. பெருமாள் சவுண்ட் சர்வீஸ். ஆடி பிறக்கப் போகிறது, ஊர் ஊராகக் கோயில் கொடை, மனிதர் தலைக்கு மேல் வேலை. ஆனாலும் எனக்காக ஒரு பலகையில் இரண்டு காலிங் பெல்லையும் சிவப்பு, பச்சை பல்பையும் பொருத்திக் கொடுத்தார். ஒருவர் அமுக்கினால் மற்றவருடையது அடிக்காது. நல்ல மூளை. கல்யாணத்தின்போது இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

ஒரே ஒரு சங்கடம். கடையில் மிச்சமிருந்த பெல்கள் அவை. இசக்கிராணியுடையது குருவி மாதிரி கத்துகிறது. வாஹித்துடையது கைக்குழந்தை மாதிரி அழுகிறது. மதியம் பயிற்சி நடக்கும்போது ஹெச்.எம். அறையிலிருந்து எழுந்து வந்து, "மெர்லின் டீச்சருக்கு அதுக்குள்ள பிள்ளை பிறந்துட்டா? கூட்டிட்டு வந்திருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

உண்மையில் அந்தக் குழந்தை அழுவதே இல்லை. பயிற்சி முழுக்கக் குருவிதான். வாஹித் கையை பெல்லின் மேல் வைத்துக்கொண்டு யோசிக்கிறான், அதற்குள் இசக்கிராணி அமுக்கிவிடுகிறாள். அமுக்கிவிட்டுப் பதில் தெரியாமல் முழிக்கிறாள்.

ஜூலை 18, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்!

கை வேகம் இவளுக்கு, மூளை வேகம் அவனுக்கு. இரண்டையும் சேர்த்தால்? கோ-கோ! விரட்டிக்கொண்டு ஓடுகிறவள், முடியாத இடத்தில், உட்கார்ந்திருப்பவரின் முதுகில் தட்டி "கோ" கொடுக்கிறாள் இல்லையா? அதேதான். இசக்கிராணி அமுக்க வேண்டியது. தெரிந்தால் பதில் சொல்ல வேண்டியது. தெரியாவிட்டால் வாஹித் முதுகில் ஒரு தட்டு, "கோ!". அவன் எழுந்து பதில் சொல்ல வேண்டியது.

அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள். பளார், "கோ!", "சோடியம் பைகார்பனேட்." பளார், "கோ!", "ஃபார்மிக் அமிலம்." வாஹித் முதுகு சிவந்துவிட்டது, ஆனால் முதல் தடவையாகச் சிரித்தான்.

உலகத்தில் எந்த சயின்ஸ் டீச்சருக்கும் இது தோன்றியிருக்காது. போட்டி விதிமுறை என்று நான்கு பக்கம் வந்திருக்கிறது. முதல் பக்கத்தில் தேதியும் இடமும் இருந்தன. பார்த்துக்கொண்டேன், போதும்.

ஜூலை 23, புதன்

டாப்ளர் விளைவு புத்தகத்தில் படித்தால் தலையைச் சுற்றுகிறது. ஒலி எழுப்பும் பொருள் நம்மை நோக்கி வந்தால் சத்தம் கூர்மையாகக் கேட்கும், விலகிப் போனால் மட்டமாகக் கேட்கும். எங்கே கேட்கும்? பேப்பரிலா கேட்கும்?

வீட்டுக்காரரை விளம்பர ஆட்டோவோடு வரச் சொன்னேன். மேலே இரண்டு குழாய் ஒலிபெருக்கி. பள்ளிக் காம்பவுண்டை ஒட்டின ரோட்டில், ஒரே சீரான விசில் சத்தத்தைப் போட்டுக்கொண்டு, முழு வேகத்தில் போக வேண்டும். நாங்கள் மூவரும் சுவரோரம் நின்றோம்.

போனார். கேட்டது! வரும்போது ஒரு சத்தம், எங்களைக் கடந்ததும் சத்தம் ஒரு படி இறங்கிப் போயிற்று. இசக்கிராணி குதித்தாள். வாஹித் கொஞ்ச நேரம் கழித்து, "டீச்சர், ஆட்டோவுக்குள்ள இருக்க சாருக்கு மாறியிருக்காதுல்லா?" என்று கேட்டான்.

யோசித்துப் பார்த்தேன். மாறாதுதான். அவர் சத்தத்தோடேயே போகிறார். புத்தகத்தில் நான் ஐந்து தடவை படித்து விளங்காததை ஆட்டோவைப் பார்த்துச் சொல்லிவிட்டான்.

வீட்டுக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கேட்காமலேயே இன்னும் நான்கு தடவை போனார். கடைசித் தடவை பட்டனை மாற்றி அமுக்கிவிட்டார். விசிலுக்குப் பதிலாக, "பக்தகோடிகளே, இன்று மாலை மாபெரும் வில்லிசை" என்று முழங்கிவிட்டது. பள்ளி முழுக்க ஜன்னலுக்கு வந்தது. ஹெச்.எம்.மும்.

ஜூலை 24, வியாழன்

ஆட்டோ விவகாரம் பற்றி எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். "டாப்ளர் விளைவு" என்று இரண்டே வார்த்தையில் எழுதிக் கொடுத்தேன். திருப்பி ஒன்றும் கேட்கவில்லை. அவர் இயற்பியல்காரர்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மணல் குழி. நீளம் தாண்டுகிறவர் தரையில் விழும்போது முட்டியை ஏன் மடக்குகிறார்? நின்றுபோக எடுக்கும் நேரம் கூடுகிறது, அதனால் உடம்பில் படும் விசை குறைகிறது. கணத்தாக்கு. இதை நான் இத்தனை வருஷமாக, "ஏலே, முட்டிய மடக்கு, இல்லன்னா ஒடிச்சுக்கிடுவ" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய பேர் வைத்த விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

இசக்கிராணி தாண்டிக் காட்டினாள். வாஹித்தைத் தாண்டச் சொன்னேன். குழியைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். காலை விறைப்பாக வைத்துக்கொண்டு தாண்டி, மணலில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"மடக்கலேன்னா என்ன ஆவும்னு பாத்தேன் டீச்சர்."

"என்ன ஆச்சு?"

"வலிக்கு டீச்சர்."

ஆராய்ச்சி மனப்பான்மை என்றால் இதுதான். மாடி ஜன்னலில் பத்தாம் வகுப்பு மொத்தமும் முகத்தைக் கம்பியில் அழுத்திக்கொண்டு பார்த்தது. உள்ளே மேத்ஸ் சார் சமன்பாடு போட்டுக்கொண்டிருந்தார். பி.டி. பீரியடில்.

ஆகஸ்ட் 6, புதன்

நாளை போட்டி. எனக்குப் பயமெல்லாம் இல்லை. எந்தச் சேலை என்பதில்தான் மூன்று தடவை குழப்பம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாவட்டத் தலைநகரில் ஒரு பொறியியல் கல்லூரி அரங்கம். உள்ளே போனதும் ஏ.சி. குளிரில் வாஹித்துக்குப் பல் தந்தியடித்தது. மாவட்டம் முழுக்கப் பள்ளிகள். முதலில் எல்லாருக்கும் எழுத்துத் தேர்வு, அதில் ஆறு அணிகள் மேடைக்கு. ஐந்து பெயர் வாசித்துவிட்டார்கள். எங்கள் பெயர் இல்லை. ஆறாவதாக, "பூவாணிநல்லூர் அரசு மேல்நிலைப் பள்ளி" என்றார்கள். நான் விசிலடித்துவிட்டேன். கழுத்தில் விசிலோடு போயிருக்கக் கூடாது.

மேடையில் மற்ற ஐந்து அணிகளும் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நடுவில் மஞ்சள் பஸ் பள்ளி. நாலு ஊர் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும் பள்ளி, போன வருஷ சாம்பியன். அவர்களுடைய பயிற்சியாளர் எனக்கு முன் வரிசையில். பக்கத்தில் இருந்த அம்மாள் அவரிடம் ஏதோ ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு பள்ளி டீச்சர் யாரோ வேலையை விட்ட கதை. நான் கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்டேன். சுவாரசியமான கட்டம். வினாடி வினா நடத்தும் தம்பி மேடையில் விதிமுறை சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான்.

முதல் பஸ்ஸர் கேள்வி. "ஒரு ரயில் நம்மை நெருங்கி வரும்போது அதன் ஊதல்..."

குருவிக்குப் பழகிய கை சும்மா இருக்குமா? அமுக்கினாள். ஆட்டோவையே பார்த்த பிள்ளை, பதில் அவளுக்கே தெரியும். ஆனால் மேடைப் படபடப்பில் உடம்பு தானாக வேலை செய்துவிட்டது. திரும்பினாள். பளார்!

"கோ!"

மைக் எதிரே இருந்தது. அரங்கமே அதிர்ந்தது. வாஹித் சட்டென்று எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, "டாப்ளர் விளைவு" என்றான்.

அந்தத் தம்பி பாவம், திகைத்துப் போனார். "பதில் சரி. ஆனா பஸ்ஸரை அழுத்தினவங்கதான் பதில் சொல்லணும்னு சொன்னேனே. மைனஸ் அஞ்சு."

இரண்டாவது கேள்வியிலும் அதே. பளார், "கோ!", சரியான பதில், மைனஸ். மூன்று வாரம் பழக்கிய கை. நான் பழக்கிய கை. அரங்கம் முழுக்கச் சிரித்தது. முன் வரிசைப் பயிற்சியாளர் திரும்பி, "உங்க பிள்ளைங்களா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன். வேறென்ன சொல்வது? என் பிள்ளைகள்தான்.

இசக்கிராணி என்னைத் தேடிப் பார்த்தாள். பேசக் கூடாது, சைகையும் கூடாது. நான் செய்ய முடிந்தது ஒன்றுதான், சிரிக்கிற கூட்டத்தில் சிரிக்காத ஒரு முகமாக இருப்பது. அவள் ஒரு நொடி குனிந்து யோசித்தாள். பிறகு பஸ்ஸரை எடுத்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டு, தன் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்! கூட்டம் இன்னும் சிரித்தது. அவள் கவலைப்படவில்லை. இனி தெரிந்தால் மட்டும்தான் அந்தக் கை வெளியே வரும்.

வந்தது. "கிரிக்கெட்டில் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுப்பது ஏன்?" கை பறந்து வந்தது. நேரம் கூடுது, விசை குறையுது என்று பதில் சொல்லிவிட்டு, "நீளம் தாண்டுறவங்க முட்டிய மடக்குறதும் அதான் சார்" என்று சேர்த்தாள். பத்து. கடுமையாக ஓடினால் தசையில் எந்த அமிலம் சேர்கிறது? லாக்டிக் அமிலம். இன்னொரு பத்து. சிரிப்பு நின்றது.

வாஹித்? அவன் முதுகில் இனி யாரும் தட்டப் போவதில்லை. பஸ்ஸர் எதிரே இருக்கிறது, கையை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தான். மூன்று கேள்விகள், மூன்றுக்கும் அவன் உதடு பதிலை முணுமுணுத்ததை நான் பார்த்தேன். மூன்றையும் மஞ்சள் பஸ் தட்டிக்கொண்டு போயிற்று. அவனை ஏன் அழைத்து வந்தேன் என்று கூட ஒரு கணம் நினைத்தேன். எழுதுகிறேனே தவிர இதை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

"நாளமுள்ள சுரப்பியாகவும் நாளமில்லாச் சுரப்பியாகவும் ஒருசேர வேலை செய்யும்..."

வாஹித் இரண்டு கையாலும் அமுக்கினான். ஒரு கையை நம்பவில்லை போல. எழுந்து நின்றான்.

"கணையம் சார்."

"உட்கார்ந்தே சொல்லலாம் தம்பி. மைக் கீழே இருக்கு."

"பெரியவங்க கேள்வி கேக்காங்க, உக்காந்துகிட்டு எப்படி சார் சொல்ல?"

அரங்கம் கைதட்டியது. பதிலுக்கா, இதற்கா தெரியவில்லை. அந்தத் தம்பியே மைக்கைத் தூக்கி அவன் வாய்க்கு நேரே பிடித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் இவன் அமுக்குவான், எழுவான், அவர் மைக்கோடு ஓடி வருவார். அணுக்கரு, தாவர ஹார்மோன், ஒளிவிலகல் என்று அடுக்கினான். பையன் யோசிக்கும் நேரத்தைக் கேள்வி வரும் முன்பே முடித்துவைத்திருந்தான் என்று தோன்றியது. ஆறாவதாக இருந்த எங்கள் பெயர் பலகையில் மேலே ஏறிக்கொண்டே போயிற்று. நான் விசிலை வாயில் கவ்விக்கொண்டு, ஊதாமல் உட்கார்ந்திருந்தேன்.

கடைசிக் கேள்வியை மஞ்சள் பஸ் பெண் எங்களுக்கு முன்னால் அமுக்கிவிட்டாள். நியாயமாக ஜெயித்தாள். எங்களுக்கு இரண்டாம் பரிசு.

அந்த இரண்டு "கோ" இல்லாமல் இருந்திருந்தால் முதல் பரிசு. கூட்டல் கழித்தல் எனக்குக்கூட வரும்.

பஸ்ஸில் திரும்பும்போது அந்த நான்கு பக்க விதிமுறையைப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில், அந்த பஸ்ஸர் விதி தடித்த எழுத்தில் இருந்தது.

"தப்பு என்னோடதுதாம்ட்டி" என்றேன்.

இசக்கிராணி கோப்பையை மடியில் வைத்து, அதற்குள் வேர்க்கடலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "விடுங்க டீச்சர். ஃபவுல்தான? அதுக்கு யாராவது அழுவாகளா?" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனா கிரவுண்டு போச்சுல்லா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சுலபமாக இல்லை.

மீதிப் பயணத்தில் ஹெச்.எம். சாரின் குணநலன்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் பொதுவாகச் சில செய்திகள் பேசிக்கொண்டு வந்தேன். நல்ல மனிதர். ஒரே ஒரு பலவீனம், தான் நடத்திய பாடம் புரியவில்லை என்று யாராவது சொன்னால் தாங்க மாட்டார், சோறு இறங்காது. அவ்வளவுதான் பேசினேன். வேறு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலை பிரேயரில் ஹெச்.எம். கோப்பையைத் தூக்கிக் காட்டினார். பள்ளியின் பெயர் மாவட்ட மேடையில் ஒலித்தது இதுதான் முதல் தடவை என்றார். இன்னொரு தடவை கோப்பையைத் தூக்கிக் காட்டினார். இருவரையும் அழைத்துப் பேனா கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "பந்தயத்துல மட்டும் டீச்சர் கொஞ்சத்துல விட்டுட்டாங்க" என்று ஒரு சிரிப்பு. ஸ்டாஃபெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தோற்றவள் சிரிக்கத்தானே வேண்டும்.

இசக்கிராணி கையைத் தூக்கினாள். கோ-கோவில் அப்பீல் கேட்க கேப்டன் தூக்குவாளே, அந்த மாதிரி.

"என்னம்மா?"

"பந்தயத்துல தோத்துட்டோம் சார். அது சரிதான். பீரியடு கேக்கல சார்."

"பின்ன?"

அவள் வாஹித்தைப் பார்த்தாள். அந்தப் பையன், கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று நான் எழுதிய பையன், ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.

"சார், நீங்க மையநோக்கு விசை நடத்துனது புரியல சார்."

ஹெச்.எம். முகம் மாறியது. "புரியலையா? போர்டுல ரெண்டு தடவ படம் போட்டனேலே!"

"போர்டுல புரியல சார். கோ-கோவுல கம்பத்தைப் பிடிச்சுத் திரும்புவாங்கல்லா, அதைப் பாத்தா புரியும்னு தோணுது சார்."

"ஒனக்கு மட்டுமா புரியல?"

பத்தாம் வகுப்பு வரிசை முழுவதும் ஒரே குரலில், "புரியல சார்!"

ஆறாம் வகுப்பிலிருந்தும் சில பிள்ளைகள் "புரியல சார்" என்றன. அதுகளுக்கு அந்தப் பாடமே கிடையாது.

ஹெச்.எம். உள்ளே போய்விட்டார். மதியம் சாப்பாட்டுக் கேரியரைத் திறக்கவே இல்லை என்று ஆபீஸில் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மெர்லின் டீச்சர் போனில் அழைத்தார். பெண் குழந்தை. வாழ்த்துச் சொன்னேன். "இரண்டாம் பரிசாமே, எப்படி டீச்சர் சொல்லிக் கொடுத்தீங்க?" என்றார். முதுகில் தட்டிச் சொல்லிக் கொடுத்தேன் என்றேன். ஏதோ அன்பாகச் சொல்வதாக எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 13, புதன்

மூன்றாவது பீரியடு. ஹெச்.எம். சயின்ஸ் எடுக்கும் பி.டி. பீரியடு. மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டைச் சரிசெய்துகொண்டிருந்தேன். படி வழியாகத் தடதடவென்று சத்தம். பத்தாம் வகுப்பு மொத்தமும் இறங்கி ஓடி வந்தது. செருப்பைக் கழற்றி எறிந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். பின்னாலேயே ஹெச்.எம்., வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் சாக்பீஸோடு. செம்மண்ணில் சாக்பீஸை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார் என்று எனக்குக் கவலை.

இசக்கிராணியைக் கம்பத்தைச் சுற்றி ஓடச் சொன்னார். இரண்டு மாதமாகக் கோ-கோ ஆடாத கால். முதல் திருப்பத்திலேயே புழுதி கிளம்பியது. கம்பத்தைப் பிடித்து, உடம்பு முழுவதையும் உள்பக்கம் சாய்த்து, அப்படியே சுழன்று போனாள். எங்கிருந்து வருகிறது அந்தச் சாய்மானம் என்று ஒவ்வொரு தடவையும் எனக்கு ஆச்சரியம். இப்போது காரணம் தெரியும். தெரிந்தும் ஆச்சரியம் குறையவில்லை.

"பாத்தீங்களா? கை கம்பத்தை இழுக்கு, கம்பம் அவளை உள்ள இழுக்கு. அதான் மையநோக்கு விசை. புரியுதா?"

"புரியல சார்!"

"கையை விட்டா என்ன ஆவும்?"

"தெரியல சார்!"

மனிதருக்கு வேகம் வந்துவிட்டது. சாக்பீஸை என்னிடம் கொடுத்துவிட்டு, தானே ஓடி, கம்பத்தைப் பிடித்துச் சுழன்றார். சட்டைப் பையில் இருந்த பேனா நேர்கோட்டில் பறந்துபோய் மணல் குழியில் விழுந்தது. "அதான், அதான்! தொடுகோட்டுத் திசை! பாத்தீங்களாலே!" என்று மூச்சிரைக்கக் கத்தினார். இத்தனை வருஷத்தில் அவர் முகத்தை இப்படி நான் பார்த்ததில்லை.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு தெளிவாகப் புரிந்திருக்கிறது என்று அத்தனை முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. வாஹித் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"லேசா புரியற மாதிரி இருக்கு சார். எல்லாரும் ஒரு தடவ ஓடிப் பாத்தா முழுசாப் புரிஞ்சிரும் சார்."

ஹெச்.எம். என்னைப் பார்த்தார். நான் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"விளையாட விடுங்க டீச்சர்" என்றார்.

ஊதினேன். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஓடினால் வருகிற சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. மாடி ஜன்னலில் ஒருவர்கூட இல்லை.

ஹெச்.எம். குழியிலிருந்து பேனாவை எடுத்து மணலைத் தட்டிக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார்.

"போன பரீட்சையில இந்தக் கேள்விக்கு வாஹித் முழு மார்க் வாங்கினான் டீச்சர்."

"அப்படியா சார்? பிள்ளைங்க மறந்துருதுக."

"ம். வகுப்பு பூராவும் ஒரே ராத்திரியில மறந்துருச்சு போல."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பார்த்தோம். இசக்கிராணி ஒருத்தியைத் துரத்திப் பிடித்துவிட்டுக் கையை உயர்த்தினாள். ஹெச்.எம். தன்னை அறியாமல் கைதட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். அப்புறம் படியேறப் போனவர் நின்று, குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்:

"வெள்ளிக்கிழமை மேத்ஸ் சார் எடுக்கிற பீரியடு ஒண்ணு இருக்குல்லா. வட்டமும் தொடுகோடும் புரியலன்னு அவர்கிட்டயும் சொல்லச் சொல்லுங்க."